ஸ்பேனர் போன பக்கம்

தொழிற்சாலையில் எல்லோரும் அவரைத் 'தாயி' என்றுதான் கூப்பிட்டார்கள். மராத்தியில் அக்காவைத் தாயி என்பார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. கல்யாணமாகிப் பொள்ளாச்சியிலிருந்து புனேவுக்கு வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. ஐம்பது வயது ஃபிட்டர்கள் எல்லாம் முப்பத்து மூன்று வயதுப் பெண்ணைப் பார்த்துத் 'தாயி, தாயி' என்று குழைவதைக் கேட்டு, இவருக்கு எப்படி இத்தனை பிள்ளைகள் என்று மலைத்துப்போனேன். அவருடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் இது எப்படியாவது அவர் கைக்குப் போய்ச் சேர்ந்து, சிவப்பு மையோடு திரும்பி வரும். கட்கி கண்டோன்மென்ட்டில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவர். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். ஆனாலும் திருத்தாமல் விடமாட்டார்.

ஆகுர்டியில் வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்கிற கம்பெனி அது. தொண்ணூறுகளின் நடுவில் அங்கே பர்சனல் செக்‌ஷனில் எனக்கு வேலை கிடைத்தது. அவருடைய மேஜைக்குப் பக்கத்து மேஜை என்னுடையது. மானேஜர் டெல்லிக்காரர், மராத்தி தெரியாது. தொழிலாளர்கள் வாயால் சொல்வதையும் மராத்தியில் எழுதித் தருவதையும் இங்கிலீஷாக்கி அவர் மேஜைக்கு அனுப்புவதுதான் தாயியின் வேலை. லீவ் லெட்டர், விபத்து ரிப்போர்ட், புகார் எல்லாம் அவர் டைப்ரைட்டர் வழியாகத்தான் போக வேண்டும்.

முதல் நாள் காலையில் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, எப்படி வந்தாய் என்பது. எனக்கும் இங்கிலீஷ் வரும் என்று காட்டிக்கொள்ளும் ஆசையில், "மை ஹஸ்பண்ட் டிராப்டு மீ இன் ஸ்கூட்டர்" என்றேன்.

அவர் டைப் அடிப்பதை நிறுத்தினார்.

"ஸ்கூட்டருக்குள்ளயா? எப்பிடி, டிக்கில போட்டு இட்டாந்தாரா?"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. நாற்காலியை என் பக்கம் திருப்பிப்போட்டு உட்கார்ந்தார்.

"தோ பாரு பொள்ளாச்சி. குனிஞ்சி உள்ள பூந்தா 'இன்'. ஏறி நின்னுனு போவ முடிஞ்சா 'ஆன்'. கார்ல 'இன்'. பஸ்ல 'ஆன்'. ஸ்கூட்டர் மேல ஒக்கார்றே, அதுக்கும் 'ஆன்'. அவ்ளோதான்."

ஊரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தது அன்றைக்குத்தான். கடைசி வரைக்கும் நான் அவருக்குப் பொள்ளாச்சிதான்.

"அப்ப சிக்ஸ் சீட்டர்ல வந்தா என்னங்க்கா?" என்று கேட்டேன். கொஞ்சம் பழிவாங்கும் எண்ணமும் இருந்தது. சிக்ஸ் சீட்டர் என்பது அப்போது அந்த ரோட்டில் ஓடிய பெரிய ஆட்டோ. பெயருக்குத்தான் ஆறு பேர். பதினொரு பேருக்குக் குறைந்தால் டிரைவர் வண்டியைக் கிளப்பமாட்டார்.

தாயி உண்மையாகவே யோசித்தார். "உள்ள ஒக்காந்தவனுக்கு 'இன்'. டிரைவர் பக்கத்துல ஒரு தொடைய வெளிய வுட்டுனு வர்றான் பாரு, அவனுக்கு ரெண்டும் போடணும்."

அவருடைய குணம் இதுதான். இறந்தகால வினை ஒன்று தனியாக நிற்பதை அவரால் பொறுத்துக்கொள்ள முடியாது. போனான் என்றால் எங்கே, எதில், யாரோடு. வெட்டிக்கொண்டான் என்றால் எதனால், எந்த இடத்தில். அதற்கான சின்ன வார்த்தை சரியாக வந்து உட்காரும் வரை காகிதத்தை மெஷினிலிருந்து உருவமாட்டார். ஏன் இப்படி என்று ஒருமுறை கேட்டேன். "ஒரு ஸ்க்ரூ கழண்ட ஜன்னல் காத்துல ஆடினு இருக்கும்ல, அந்தச் சத்தம் எனக்கு ஆவாது" என்றார்.

வெல்டிங் ஷாப்பில் ஒரு காகா இருந்தார்; மராத்தியில் காகா என்றால் சித்தப்பா. இங்கிலீஷில்தான் எழுதுவேன் என்று பிடிவாதம் பிடிக்கிறவர். மனைவிக்கு உடம்பு சரியில்லாமல் ஒருநாள் லீவ் எடுத்துவிட்டு, "ஐ வென்ட் டு ஹாஸ்பிடல் அண்டர் மை வைஃப்" என்று எழுதிக்கொண்டு வந்தார். தாயி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். 'அண்டர்' என்றால் கீழே, அல்லது ஒருவருடைய அதிகாரத்துக்கு உட்பட்டு. நீங்கள் உங்கள் மனைவிக்குக் கீழேயா ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள் என்று மராத்தியில் பொறுமையாகக் கேட்டார். காகாவும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எங்க வீட்டுல அப்படித்தான் தாயி" என்றார்.

தாயி என்னைப் பார்த்தார். "அப்ப கரெக்டாத்தான் எழுதிக்கிறாரு" என்று அப்படியே மானேஜருக்கு அனுப்பிவைத்தார். லீவ் சாங்ஷன் ஆகி வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்கியில் இருந்த அவருடைய குவார்ட்டர்ஸுக்குச் சாப்பிடப் போயிருந்தோம். அவருடைய கணவர் வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். குரலே எழும்பாத மனிதர். தாயி உள்ளே போன நேரம் பார்த்து என் கணவரிடம் சொன்னார்: "இவகிட்ட 'சாப்ட்டேன்'னு மட்டும் சொல்லிட்டுத் தப்பிக்க முடியாதுங்க. எங்க சாப்ட்டே, யாரோட சாப்ட்டேன்னு கேப்பா. சந்தேகம்லாம் கெடையாது. வாக்கியம் முடியலியாம்."

கட்கியிலிருந்து அவரும் தாபோடியிலிருந்து நானும் லோனாவ்ளா லோக்கலில்தான் வேலைக்குப் போய்வந்தோம். சாயங்காலம் ஆகுர்டியில் ஐந்து பன்னிரண்டு வண்டி. லேடீஸ் பெட்டியில் பட்டாணி உரிப்பவர்களுக்கும் ஸ்வெட்டர் பின்னுபவர்களுக்கும் நடுவில் உட்கார்ந்து அவர் இரண்டு மொழிகளையும் ஒப்பிட்டுக்கொண்டே வருவார்.

"நம்ம தமிழ்ல, நாய்க்குப் பயந்து, செவுரு ஏறி, பக்கத்து வூட்டுக்குள்ள ஓடினான்னு வரும். அவன் ஓடறதுக்குள்ள நமக்கு எல்லா மேட்டரும் தெரிஞ்சிடுது. இங்கிலீஷ்ல எடுத்த எடுப்புலயே ஓடிடறான். அப்பால நாம அவன் பின்னாடியே ஓடி, எங்கேர்ந்துப்பா, எதுமேல, எதுக்குள்ளன்னு கேட்டுனு போவணும்."

கேட்டுக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

அவரைப் பிடிக்காதவர்களும் இருந்தார்கள். ஒருமுறை வாட்ச்மேன் ஒருவர் மாரடைப்பில் இறந்துபோனார். யூனியன்காரர்கள் இங்கிலீஷில் ஒரு இரங்கல் நோட்டீஸ் எழுதிப் பலகையில் ஒட்டினார்கள். 'எக்ஸ்பயர்டு ஆன் ஹார்ட் அட்டாக்' என்று இருந்தது. மத்தியானம் பார்த்தால், 'ஆன்' அடிக்கப்பட்டு மேலே சிவப்பு மையில் 'ஆஃப்' என்று இருந்தது. யூனியன் செயலாளர் நேராக எங்கள் அறைக்கு வந்து, சாவு நோட்டீஸைக்கூட விடமாட்டீர்களா என்று கேட்டார். தாயி, "செத்தவருக்குத் தப்பான இங்கிலீஷ் எழுதினா அது மட்டும் மரியாதையா?" என்றார். அன்றைக்கு எனக்கும் அவர்மேல் கோபம் வந்தது. எங்கேயாவது ஒருநாள் இவரும் தப்புப் பண்ணமாட்டாரா என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்புக்காகப் பிறகு வருத்தப்பட்டேன்.

பிரஸ் ஷாப்பில் தத்தா என்று ஒரு ஆள் இருந்தார். சத்தமில்லாமல் வேலை பார்க்கிறவர். மழைக்காலத்தில் ஒருநாள் சாயங்காலம், அவர் எறிந்த ஸ்பேனர் சூப்பர்வைசரின் புருவத்தில் பட்டு, அது கிழிந்து நான்கு தையல் போட வேண்டியதாயிற்று. பார்த்த சாட்சி ஒரே ஒருவர், கிரேன் ஆபரேட்டர். அவர் எங்கள் அறையில் வந்து நின்று மராத்தியில் சொன்னது ஒரே வாக்கியம்தான்: "தத்தானே ஸாஹேபாங்கடே பானா ஃபேக்லா." பானா என்றால் ஸ்பேனர். 'கடே' என்றால் நம்முடைய 'பக்கம்' மாதிரி. சாகேப், அதாவது சூப்பர்வைசர், பக்கம் தத்தா ஸ்பேனரை எறிந்தான்.

மணி ஐந்தாகப் பத்து நிமிடம். நான் பையை எடுத்துக்கொண்டு நின்றேன். "அக்கா, வண்டி போயிருமுங்க" என்று இரண்டு தடவை சொன்னதும் நான்தான். தாயி கடகடவென்று அடித்து, ஆபரேட்டரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு எழுந்தார். 'த்ரூ தி ஸ்பேனர் அட் தி சூப்பர்வைசர்' என்று அடித்திருந்தார். இங்கிலீஷில் 'டு' என்று போட்டால், பிடித்துக்கொள்ளட்டும் என்று எறிவது. 'அட்' என்று போட்டால், அடிக்க வேண்டும் என்று எறிவது.

மறுநாளே தத்தாவை சஸ்பெண்ட் செய்தார்கள். மேலதிகாரியைத் தாக்கியதாகக் குற்றச்சாட்டு. விசாரணைக்கு நாள் குறித்தார்கள். தொழிற்சாலையில் எல்லோரும் இதையே பேசினார்கள். எங்கள் இருவருக்கும் இதில் சம்பந்தம் இருக்கிறது என்று எங்களுக்கே தோன்றவில்லை.

இரண்டு வாரம் கழித்து லேடீஸ் பெட்டியில் ஒரு பெண் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். எதிர்ப்பக்கம் கதவோரம் நின்ற அவளுடைய சிநேகிதி, "மாஜ்யாகடே ஃபேக்" என்று கையை நீட்டினாள். இவள் ஒரு ஆரஞ்சை எறிந்தாள். அவள் பிடித்துக்கொண்டாள். அவ்வளவுதான்.

தாயி என் முழங்கையைப் பிடித்த பிடியில் வலித்தது.

"பொள்ளாச்சி, இப்ப அவ இன்னா சொன்னா?"

"எனக்குப் போடுன்னு சொன்னாங்க்கா."

"'கடே'ன்னு சொன்னா. என் பக்கம் எறின்னு சொன்னா. இது 'அட்'டா 'டு'வா?"

தாபோடி வந்ததும் நான் இறங்கிவிட்டேன். அடுத்து வந்த கட்கியில் அவர் இறங்கவில்லை. சிவாஜிநகர் வரை போய்த் திரும்பி வந்ததாக மறுநாள் சொன்னார்.

மறுநாள் காலையில் ஷிப்ட் தொடங்குவதற்கு முன்னாலேயே கிரேனுக்குக் கீழே போய் நின்றுகொண்டு ஆபரேட்டரை இறங்கச் சொன்னார். ஆபரேட்டருக்கு ஒன்றும் புரியவில்லை. "சாகேப் பானா கேட்டார், இவன் போட்டான். சாகேப் அந்த நேரம் வேறு பக்கம் திரும்பிவிட்டார். அவர் உடம்பின்மேலே எறிந்தான் என்றால் நான் 'அங்காவர்' என்று சொல்லியிருக்கமாட்டேனா தாயி?" என்றார். அவர் சொன்னது சரி. கையெழுத்துப் போட்ட காகிதத்தில் என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியாது. இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவர் இல்லை. படித்துக் காட்டவும் அன்றைக்கு யாருக்கும் நேரமில்லை.

தாயி மானேஜரிடம் போனார். மானேஜர் முதலில் சிரித்தார். பிறகு, சூப்பர்வைசரும் கையெழுத்துப் போட்டாகிவிட்டது, ஒரு சின்ன வார்த்தைக்காக எல்லாவற்றையும் மறுபடி தொடங்க முடியாது என்றார். யூனியன் மிரட்டியதா என்றும் கேட்டார். தாயி தன்னைச் சாட்சியாகக் கூப்பிட வேண்டும் என்று கைப்பட எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். அந்தக் கடிதத்தை என்னிடம் நீட்டி, "தப்பு இருக்கா பாரு" என்றார். அவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

விசாரணை அதிகாரி வெளியிலிருந்து வந்த வக்கீல். குறிப்பெடுக்க என்னைப் போட்டிருந்தார்கள். மேஜையின் ஒரு பக்கம் சூப்பர்வைசர், புருவத்தில் பிளாஸ்திரியோடு. இன்னொரு பக்கம் தத்தா, இஸ்திரி போட்ட சட்டையில்.

"மேடம், மொழிபெயர்த்தது நீங்கள்தானே?" என்று வக்கீல் இந்தியில் கேட்டார்.

"நான்தான் சார். தப்பா பண்ணிட்டேன். 'டு'ன்னு வரணும். 'அட்'ன்னு போட்டுட்டேன்."

"ரெண்டு எழுத்து வார்த்தை. எதைப் போட்டா என்ன? ஸ்பேனர் அவர்மேல பட்டது பட்டதுதானே?"

தாயி அவருக்கு முன்னால் இருந்த கண்ணாடி பேப்பர்வெயிட்டைக் காட்டினார். "த்ரோ இட் டு மீ, சார்" என்று கைகளைக் குவித்து நீட்டினார்.

வக்கீல் தயங்கினார். பிறகு குழந்தைக்குப் போடுவது போல மெதுவாகத் தூக்கிப் போட்டார். தாயி இரண்டு கையாலும் பிடித்தார். எழுந்து போய் அதை மறுபடி அவர் முன்னால் வைத்துவிட்டு, தன் இடத்துக்கு வந்து நிமிர்ந்து நின்றார்.

"நவ் த்ரோ இட் அட் மீ, சார்."

வக்கீல் பேப்பர்வெயிட்டைப் பார்த்தார். தாயியின் நெற்றியைப் பார்த்தார். கையை மேஜைக்கு அடியில் கொண்டுபோய் வைத்துக்கொண்டார். நான் என்ன குறிப்பெடுப்பது என்று தெரியாமல் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

"ரெண்டும் ஒண்ணுன்னா சார் எறிஞ்சிருப்பாரு" என்றார் தாயி.

வக்கீல் சூப்பர்வைசர் பக்கம் திரும்பி, ஸ்பேனரை நீங்கள் கேட்டீர்களா என்றார். மூன்று வாரத்தில் அவரிடம் யாரும் அதைக் கேட்கவில்லை. அவர் தரையைப் பார்த்துக்கொண்டே, "கேட்டேன்" என்றார்.

கடைசியாக வக்கீல் தாயியிடம், "இவ்வளவு தெரிந்த நீங்கள் எப்படித் தப்பாகப் போட்டீர்கள்?" என்று கேட்டார். தாயி எதையும் ஜோடிக்கவில்லை. "அஞ்சு பன்னெண்டு லோக்கலைப் புடிக்கணும்னு அவசரம் சார்" என்றார். நான் அவசரப்படுத்தியதை அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. குறிப்பிலும் எழுதவில்லை.

தத்தா வேலைக்குத் திரும்பினார். கருவியைத் தூக்கிப் போட்டதற்காக ஒரு எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். தாயிக்கும் ஒரு மெமோ வந்தது. அதில் ஒரு 'ஃபார்' இருக்க வேண்டிய இடத்தில் 'டு' இருந்தது. சிவப்புப் பேனாவை எடுத்தார், மூடி வைத்தார், ஊதா மையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தனுப்பினார்.

அடுத்த ஞாயிறு என்னையும் கூட்டிக்கொண்டு நிக்டியில் தத்தாவின் வீட்டுக்குப் போனார். ஒரே அறை. தத்தா சந்தோஷமாக எழுந்து பாயை விரித்தார். அவருடைய மனைவி அடுப்படியிலிருந்து திரும்பவில்லை. தாயி நின்றபடியே அந்தப் பெண்ணின் முதுகைப் பார்த்து மராத்தியில் சொன்னார். உங்கள் வீட்டுக்காரர் யாரையும் அடிக்கவில்லை, நான்தான் தப்பாக எழுதினேன் என்றார்.

அந்தப் பெண் திரும்பினாள்.

"மூணு வாரம் இவர் சொல்லிக்கிட்டேதான் இருந்தார், நான் அடிக்கல, அடிக்கலன்னு. கம்பெனில எழுதியே இருக்குன்னு எல்லாரும் சொன்னாங்க. எழுதினது பொய்யா இருக்குமான்னு நானும் இவரை நம்பல. தட்டைத் தள்ளி வச்சுட்டுத் திரும்பிக்குவேன். ஒரு வார்த்தை பேசல. அந்த மூணு வாரத்தை உங்களால திருத்த முடியுமா தாயி?"

"முடியாதும்மா" என்றார் தாயி.

தத்தா என்னவோ சொல்ல வந்தார். மனைவி கையைக் காட்டி நிறுத்தினாள். பிறகு எங்கள் இருவருக்கும் டீ ஊற்றினாள். தாயிக்கு முதலில் கொடுத்தாள். திரும்பி வரும்போது பஸ்ஸில், அவசரப்படுத்தியது நான்தானே அக்கா என்று மெதுவாகச் சொன்னேன். "டைப் அடிச்சது என் கை" என்றார்.

திங்கள்கிழமை தன் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார். அதற்குப் பிறகு யார் வந்து எதைச் சொன்னாலும், இங்கிலீஷில் அடித்து முடித்ததும் அதை வரிவரியாக மராத்தியிலோ இந்தியிலோ தமிழிலோ திருப்பிச் சொல்லிக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்கினார். வந்தவர்கள் நடுவில் தடுத்து, "அப்படி இல்ல தாயி" என்றால், காகிதத்தை உருவிவிட்டுப் புதிதாகத் தொடங்குவார். நோட்டீஸ் பலகைப் பக்கம் சிவப்புப் பேனா போவது நின்றுபோனது. வெல்டிங் காகா ரிட்டயர் ஆனபோது தப்பும் தவறுமாக எழுதிப் படித்த நன்றியுரையைக் கேட்டு, எல்லோருக்கும் முன்னால் கை தட்டியவர் தாயிதான். மானேஜர்கள் இரண்டு பேர் மாறினார்கள். கம்ப்யூட்டர் வந்தது. ஸ்டூல் மட்டும் அங்கேயே இருந்தது.

இரண்டாயிரத்து மூன்றில் என் கணவருக்குக் கராடியில் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை கிடைத்து, நாங்கள் ஊருக்கு அந்தக் கோடிக்கு வீடு மாறினோம். நான் வேலையை விட்டேன். கடைசி நாள் சாயங்காலம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு அறைக்கு வந்தபோது, ஸ்டூலில் ஒரு ஆள் தலையில் கட்டோடு உட்கார்ந்து விபத்து ரிப்போர்ட் கொடுத்துக்கொண்டிருந்தார். தாயி அவர் பக்கம் குனிந்து, அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டூல் வந்த பிறகு தாயி ஐந்து பன்னிரண்டு வண்டியைப் பிடித்ததே இல்லை; கடைசியாக ஒரு தடவையாவது பழையபடி அவரோடு சேர்ந்து வீட்டுக்குப் போக வேண்டும் என்று எனக்கு ஆசை.

"வாங்க்கா, இன்னைக்காச்சும் சேர்ந்து போலாமுங்க" என்றேன்.

தாயி ஒரு கையை என் பக்கம் நீட்டி, என் விரல்களை அழுத்திப் பிடித்துவிட்டு விட்டார். முகத்தை அந்த ஆளிடமிருந்து திருப்பவில்லை.

"நீ போ பொள்ளாச்சி. இவரு இன்னும் வுழுந்து முடிக்கல."